‘ஆஃப்’ பட்டனை அமுக்கினால் அடங்காத காளை ஆகும் ஸ்போர்ட்ஸ் கார்! கடைசியில் மாட்டுவது ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவர்தான்

நெற்குப்பை:

கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது விசேஷம் வந்தால் போதும். வருஷம் பூரா பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளின் கதவு திறக்கும். கூடவே தெருவில் வெளியூர் கார்கள் வரிசை கட்டும். அதில் எப்போதாவது ஒன்று தரையோடு தரையாகப் படுத்த மாதிரி, ரெண்டே ரெண்டு கதவோடு, உறுமிக்கொண்டு வந்து நிற்கும். தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்!

இந்த வண்டியின் சாவி எப்போதும் முதலாளி கையிலேயே இருப்பதில்லை. பெட்ரோல் போட, கழுவ, காரைக்குடி ஸ்டேஷனில் ஆளை ஏற்ற, ராத்திரியோடு ராத்திரியாக சென்னைக்குக் கொண்டுபோய் விட என்று சாவி கைமாறும். திருப்பத்தூர், நெற்குப்பை, காரைக்குடி பக்கம் ‘ஆக்டிங்’ ஓட்டும் டிரைவர்கள் கைக்குத்தான் அது வந்து சேரும். சுமோவும் இன்னோவாவும் ஓட்டிப் பழகிய கையில் திடீரென்று 400, 500 குதிரை சக்தி வண்டி.

அந்த வண்டியின் டேஷ்போர்டிலோ, கியருக்குப் பக்கத்திலோ ஒரு சின்ன பட்டன் இருக்கும். ஒரு கார் படம். காருக்குப் பின்னால் பாம்பு நெளிந்த மாதிரி ரெண்டு கோடு. சில வண்டியில் பக்கத்திலேயே ‘ஆஃப்’ என்று எழுதியிருக்கும்.

“அண்ணே, அந்தப் பட்டனை அமுக்கிட்டு ஒரு அழுத்து அழுத்துங்க, வண்டி எப்படிப் பறக்குதுன்னு பாருங்க” என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பையன் உசுப்பேற்றுவான். அமுக்கலாமா? அமுக்கினால் என்ன நடக்கும்?

வண்டிக்குள் ஒரு சாரதி

அந்தப் பட்டனுக்குச் சொந்தமான சமாச்சாரத்தின் பெயர் ‘ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்’. வண்டி நிலைகுலையாமல் பிடித்து வைக்கும் கம்ப்யூட்டர். கம்பெனிக்கு கம்பெனி பெயர் மாறும். மெர்சிடிஸ், ஆடி, மாருதியில் இ.எஸ்.பி. ஹூண்டாயில் இ.எஸ்.சி. பி.எம்.டபிள்யூவில் டி.எஸ்.சி. போர்ஷேவில் பி.எஸ்.எம். டொயோட்டாவில் வி.எஸ்.சி. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க இன்ஜினீயர் தேவையில்லை. மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒரே நிமிஷத்தில் புரியும்.

பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று எந்தப் பந்தயமாக இருந்தாலும் எல்லையில் வண்டி திரும்பும் இடத்தில்தான் கூட்டம் கூடும். அங்கே சாரதி என்ன செய்கிறார்? ரெண்டு மாட்டையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. திரும்புகிற பக்கத்து மாட்டைக் கயிற்றால் இழுத்துப் பிடிக்கிறார். வெளிப்பக்கத்து மாட்டை விரட்டி விடுகிறார். ஒரு பக்கம் பிடி, ஒரு பக்கம் விடு. வண்டி குடை சாயாமல் திரும்புகிறது.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாலு சக்கரத்திலும் வேகத்தைப் பார்க்கும் சென்சார் உண்டு. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறோம் என்று பார்க்கும் சென்சார் உண்டு. வண்டி உண்மையிலேயே எந்தப் பக்கம் சுற்றுகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கவும் சென்சார் உண்டு. டிரைவர் போக நினைக்கும் திசையையும், வண்டி போகிற திசையையும் ஒரு விநாடிக்கு 25 தடவை இந்தக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்ப்பதாக இதைத் தயாரிக்கும் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி சொல்கிறது.

ரெண்டும் ஒத்துப்போனால் பேசாமல் இருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் கயிறைப் பிடிக்கும். பின்பக்கம் வெளியே வீசினால், வெளிப்பக்கத்து முன் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். முன்பக்கம் திரும்பாமல் நேராக இழுத்துக்கொண்டு போனால், உள்பக்கத்து பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தாலும் இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். டிரைவர் காலுக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். எத்தனை வருஷ சர்வீஸ் உள்ள டிரைவராக இருந்தாலும், அஜித்தே வந்து உட்கார்ந்தாலும், ஒரு சக்கரத்துக்கு மட்டும் தனியாக பிரேக் போட அந்தப் பெடலால் முடியாது. கம்ப்யூட்டரால் முடியும். ‘எனக்கு இது தேவையில்லை, நான் கை தேர்ந்தவன்’ என்று சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான்.

கயிறை அறுத்து விட்டால்...

சரி, பட்டனை அமுக்கியாச்சு. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ன ஆகும்?

நேர் ரோட்டில் சும்மா போனால் ஒன்றும் ஆகாது. இதுதான் ஆபத்தே! பத்து கிலோமீட்டர் போய் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் தைரியம் வந்துவிடும்.

வினை வளைவில் காத்திருக்கிறது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜின் சக்தி பின் சக்கரத்துக்குப் போகிறது. வளைவில் பாதி திரும்பியிருக்கும்போது ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், பின் டயர் ரெண்டும் பிடியை விட்டு வழுக்கும. பின்பக்கம் வெளியே வீசும். சினிமாவில் ‘டிரிப்ட்’ என்று காட்டுகிறார்களே, அதன் ஆரம்பம் இது.

அப்போது பழக்கமில்லாத டிரைவர் என்ன செய்வார்? பயந்துபோய் ஆக்சிலேட்டரில் இருந்து காலை வெடுக்கென்று எடுப்பார். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், இன்னோவாவில் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் அதுதான் எமன். காலை எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாயும். பின்பக்கம் லேசாகிவிடும். ஏற்கனவே வழுக்கிக்கொண்டிருக்கும் பின் டயருக்கு இருந்த கொஞ்சப் பிடியும் போய்விடும். வண்டி பம்பரமாகச் சுற்றும்.

சுதாரித்து ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கிறார் என்று வையுங்கள். ஒரு நொடி தாமதமானாலும் டயர் திடீரென்று பிடித்துக்கொள்ளும். இப்போது வண்டி அடுத்த பக்கம் வீசும். முதல் வீச்சை விட ரெண்டாவது வீச்சு பலமாக இருக்கும். புளியமரமோ, எதிரே வரும் டவுன் பஸ்ஸோ, டூவீலரில் வரும் குடும்பமோ... எது முதலில் வருகிறதோ அதில் போய் நிற்கும்.

போர்ஷே 911 மாதிரி இன்ஜினே பின்னால் இருக்கும் வண்டி என்றால் பின்பாரம் ஏறிய மாட்டு வண்டி கதைதான். சுற்ற ஆரம்பித்தால் நிறுத்துவது பெரும்பாடு.

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கார் பிரியர்கள் ஒரு இடத்தில் கூடுவார்கள். கிளம்பும்போது நாலு பேர் பார்க்கிறார்களே என்று மஸ்டாங் மாதிரி கார்களை உறும விட்டு, நேர் ரோட்டிலேயே பின்பக்கம் வீசி, வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குள் பாய்ந்த வீடியோக்கள் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன. வளைவு கூட தேவையில்லை. குளிர்ந்த டயரும், கனமான காலும், கைதட்டக் கூட்டமும் இருந்தால் போதும்.

‘ஆஃப்’ என்றால் முழு ‘ஆஃப்’பா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது.

பி.எம்.டபிள்யூவில் பட்டனை லேசாகத் தட்டினால் பாதிதான் தளரும். அமுக்கிப் பிடித்தால்தான் முழுக்க அணையும். பெராரியில் ஸ்டியரிங்கிலேயே ஒரு சின்ன திருகு உண்டு. மழை ரோடு, ஸ்போர்ட், ரேஸ் என்று படிப்படியாகத் திருப்பிக்கொண்டே போனால் கடைசிப் படியில் கம்ப்யூட்டர் கையைக் கழுவிவிடும். மெர்சிடிஸின் பல மாடல்களில் ‘ஆஃப்’ செய்தாலும், பிரேக்கை மிதிக்கும்போது கம்ப்யூட்டர் மறுபடி எட்டிப் பார்க்கும். வேகம் கூடியதும் தானாகவே ‘ஆன்’ ஆகிவிடும் கார்களும் உண்டு.

ஏ.பி.எஸ். பிரேக் மட்டும் சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இந்தப் பட்டனோடு சேர்ந்து அணையாது. அதை வைத்துக்கொண்டு ‘பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, ஒண்ணும் அணையலையே’ என்று ஏமாந்து போகக்கூடாது. ஏ.பி.எஸ். என்பது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும். அவ்வளவுதான். வண்டி வீசுவதைப் பிடிப்பது அதன் வேலை இல்லை.

இதனால் வரும் வம்பு என்னவென்றால், ஒரு காரில் பட்டனை அமுக்கிப் பழகியவர் அடுத்த காரிலும் அப்படியே இருக்கும் என்று நினைப்பதுதான். நேற்று ஓட்டிய வண்டி கடைசி நேரத்தில் காப்பாற்றியிருக்கும். இன்றைக்கு ஓட்டும் வண்டி காப்பாற்றாது.

பணத்துக்கும் வேட்டு உண்டு. நிசான் ஜி.டி.ஆர். என்ற புகழ்பெற்ற கார் 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நின்ற இடத்தில் இருந்து ராக்கெட் மாதிரி கிளம்பும் வசதியைப் பயன்படுத்த, இந்தக் கண்ட்ரோலை அணைக்க வேண்டியிருந்தது. அணைத்துவிட்டு விளையாடிய சிலருக்கு கியர்பாக்ஸ் உடைந்தது. அணைத்து வைத்து ஓட்டியதால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்றது கம்பெனி. பெரிய சண்டையாகி, அப்புறம் கம்பெனியே சாப்ட்வேரை மாற்றிக் கொடுத்தது.

உயிர்ப்பலி கொடுத்து வந்த வசதி

இந்தக் கண்ட்ரோல் 1995-ல் மெர்சிடிஸின் விலை உயர்ந்த மாடலில் முதலில் வந்தது. பணக்காரர் பொம்மை என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். ரெண்டு சம்பவம் அந்த நினைப்பை மாற்றியது.

முதல் சம்பவம் 1997 அக்டோபர். சுவீடன் நாட்டில் ரோட்டில் திடீரென்று கடமான் குறுக்கே வரும். நம்ம ஊரில் மாடு, நாய் வருகிற மாதிரி. அதற்காக ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் வண்டி தாங்குகிறதா என்று அங்குள்ள ஒரு கார் பத்திரிகை சோதித்துப் பார்த்தது. மெர்சிடிஸின் புத்தம் புது சின்ன கார் ‘ஏ கிளாஸ்’ குப்புறக் கவிழ்ந்தது! உலகமே சிரித்தது. மெர்சிடிஸ் கம்பெனி விற்பனையை நிறுத்தி வைத்து, எல்லா ஏ கிளாஸ் காருக்கும் இந்தக் கண்ட்ரோலை மாட்டிக் கொடுத்தது.

ரெண்டாவது சம்பவம் ஸ்போர்ட்ஸ் கார் சம்பந்தப்பட்டது. 1998-ல் ஆடி கம்பெனி ‘டிடி’ என்ற அழகான ரெண்டு கதவு காரை விட்டது. ஆரம்பத்தில் அதில் இந்தக் கண்ட்ரோல் கிடையாது. ஜெர்மனி நெடுஞ்சாலையில் அதிவேகத்தில் லேன் மாறும்போதும், வளைவில் காலை எடுக்கும்போதும் பின்பக்கம் வீசி விபத்துகள் நடந்தன. உயிர்களும் போயின. 1999 கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. பின்னால் இறக்கை மாட்டி, சஸ்பென்ஷனை மாற்றி, கண்ட்ரோலையும் பொருத்தியது. விற்ற கார்களையும் திரும்பக் கூப்பிட்டது.

அதற்கப்புறமும் ‘நிஜமான ஸ்போர்ட்ஸ் காருக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்ற வீம்பு ஓயவில்லை. அந்த வீம்பின் உச்சம் போர்ஷே கரேரா ஜி.டி. 600 குதிரை சக்திக்கு மேல். வீல் வழுக்காமல் பார்க்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உண்டு, ஆனால் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கிடையாது. அதாவது கம்பெனியிலேயே நிரந்தரமாக ‘ஆஃப்’!

‘பாஸ்ட் அண்ட் பியூரியஸ்’ படங்களைப் பார்த்தவர்களுக்கு பால் வாக்கரைத் தெரியும். 2013 நவம்பர் 30-ந்தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அவர் உயிரை விட்டது இதே கரேரா ஜி.டி. காரில்தான். ஓட்டியது அவரது நண்பர், ரேஸ் அனுபவம் உள்ளவர். பால் வாக்கர் பக்கத்து சீட்டில் இருந்தார். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 130 முதல் 150 கி.மீ. வேகத்தில் போனதாக போலீஸ் விசாரணை சொன்னது. கம்பம், மரங்களில் மோதி தீப்பிடித்தது. ரெண்டு பேரும் பலி.

வேகமும் 9 வருஷ பழைய டயரும்தான் காரணம் என்றது விசாரணை. ‘கண்ட்ரோல் வைக்காமல் விற்றது தப்பு’ என்று பால் வாக்கரின் மகள் 2015-ல் வழக்குப் போட்டார். 2017-ல் சமரசம் ஆனது. ஓட்டியவரின் மனைவி போட்ட வழக்கிலோ 2016-ல் கம்பெனி பக்கம் தீர்ப்பானது.

அமெரிக்க அரசு அதற்கு முன்பே முடிவு எடுத்துவிட்டது. அங்கே 2012 மாடலில் இருந்து எல்லா கார்களுக்கும் இது கட்டாயம். இதனால், தானாகத் தடம் புரண்டு மோதும் விபத்து சாதாரணக் கார்களில் 34 சதவீதமும், உயரமான எஸ்.யு.வி. வண்டிகளில் 59 சதவீதமும் குறையும் என்பது அந்நாட்டு போக்குவரத்து பாதுகாப்புத் துறையின் கணக்கு. ஐரோப்பாவில் 2014-ல் இருந்து எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். இந்தியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய ‘பாரத் என்கேப்’ சோதனையில் 3 ஸ்டாரோ அதற்கு மேலோ வாங்க வேண்டும் என்றால் இது இருந்தே ஆக வேண்டும். இப்போது ஆல்டோவிலேயே வந்துவிட்டது. ஆக, இந்தப் பட்டன் இனி கோடீஸ்வரர் வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை.

ரேஸ்காரர்கள் அணைத்துவிட்டுத்தானே ஓட்டுகிறார்கள்?

இது நியாயமான கேள்வி. ரேஸ் கார்களில் சாலைக் கார் மாதிரி ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் வைப்பதில்லை. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா-1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அப்போது டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது. 2008-ல் அதையும் தடை செய்துவிட்டார்கள். 2011, 2012-ல் அவர் மறுபடி ஓட்டியபோது எல்லாமே வலது கால் பெருவிரல் கணக்குதான். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ந்தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி நடந்த பார்முலா-4 பந்தயத்திலும் இந்த மாதிரி உதவி இல்லாத வண்டிகள்தான் ஓடின.

ஆனால் அந்தப் பந்தயத்துக்கு என்ன என்ன ஏற்பாடு நடந்தது? மூன்றரை கி.மீ. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தடுப்புச் சுவர். குறுக்கே நாய் வராது, ஆட்டோ வராது, தண்ணி லாரி வராது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஆட்களும் தயார். டிரைவருக்கு தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், கழுத்தை ஒடியாமல் பிடிக்கும் கருவி.

அஜித்குமார் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரி 7-ந்தேதி துபாயில் பயிற்சியின்போது அவரது போர்ஷே ரேஸ் கார் தடுப்பில் மோதி சுற்றிச் சுழன்றது. பிரேக் பழுதுதான் காரணம் என்று அணி சொன்னது. அந்த வீடியோவைப் பார்த்த ரசிகர்களுக்கு நெஞ்சு நின்று போனது. ஆனால் அவர் தானாக இறங்கி நடந்து வந்தார். ஐந்தே நாளில் அவரது அணி 991 பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அதே சுழற்சி திருமயம் ரோட்டில் நடந்திருந்தால் யாரும் இறங்கி நடந்திருக்க முடியாது.

ரேஸ் டிராக்கில் தேர்ந்தவர்களுக்கும் சாலை வேறுதான். தேசிய பார்முலா-4 பட்டம் வென்ற அஸ்வின் சுந்தர் 2017 மார்ச் 18-ந்தேதி அதிகாலை சென்னை பட்டினப்பாக்கம் அருகே பி.எம்.டபிள்யூ காரில் மனைவியோடு போனபோது, கார் மரத்தில் மோதி தீப்பிடித்து இருவரும் இறந்தனர். அதற்கும் இந்தப் பட்டனுக்கும் முடிச்சுப் போடக்கூடாது. டிராக்கில் தடுப்புச் சுவர் இருக்கிற இடத்தில், சாலையில் மரம் இருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு தமிழ்நாட்டிலேயே இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே.

நெல்லும் மணலும் கிடக்கும் ரோடு

நெற்குப்பை என்றால் நெல் குவியல் என்று அர்த்தம். உலகம் சுற்றிப் பயண நூல் எழுதிய சோமலெ பிறந்த இந்த ஊர், திருப்பத்தூருக்கும் பொன்னமராவதிக்கும் நடுவில் இருக்கிறது. அறுவடை முடிந்தால் இந்தப் பக்கம் பல ஊரில் தார் ரோடுதான் களம். நெல் காயும். உளுந்துச் செடியைப் பரப்பி, வண்டி ஏறி இறங்கி மணி உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். விவசாயி மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை, போதிய களம் இல்லாததுதான் காரணம். ஆனால் உதிர்ந்த நெல் மேல் அகல டயர் ஏறினால் குண்டுமணி மேல் கால் வைத்த கதைதான்.

மேலூர் – காரைக்குடி நான்கு வழிச்சாலையில் சர்ரென்று வந்துவிட்டு, கிளை ரோட்டில் திரும்பியதும் எல்லாம் மாறிவிடும். ரோட்டோரம் செம்மண். கண்மாய்க் கரை வளைவு. மழை பெய்தால் மண் அரித்து வந்து வளைவில் படியும். ஒரு பக்கச் சக்கரம் தாரிலும், ஒரு பக்கச் சக்கரம் மண்ணிலும் இருக்கும் நேரத்தில்தான் அந்தக் கம்ப்யூட்டர் அதிகமாகத் தேவைப்படுகிறது.

கம்ப்யூட்டர் ‘ஆன்’ல் இருந்தால் எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற நினைப்பும் தப்பு. வேகம் ரெண்டு மடங்கானால் வளைவில் டயருக்குத் தேவைப்படும் பிடி நாலு மடங்கு. 40-ல் திரும்பிய வளைவில் 80-ல் திரும்பினால், டயரிடம் அந்தப் பிடி இல்லை என்றால் கம்ப்யூட்டர் அதை எங்கிருந்து கொண்டுவரும்? இருப்பதைப் பங்கு போட்டுத் தருவதுதான் அதன் வேலை.

பட்டனை உண்மையிலேயே அமுக்க வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. வண்டி சகதியிலோ மணலிலோ சிக்கிக்கொண்டால் சக்கரம் சுற்றுவதைப் பார்த்து கம்ப்யூட்டர் இன்ஜினை அமுக்கிவிடும். வண்டி நகராது. அப்போது அணைத்துவிட்டு மெதுவாக வெளியே எடுக்கலாம். பட்டனைக் கம்பெனிக்காரன் வைத்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும்.

கேஸ் யார் மேல்?

முதலாளி வீட்டுப் பையன் சொன்னான், அமுக்கினேன் என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது. ஸ்டியரிங் யார் கையில் இருந்ததோ அவர் மேல்தான் எப்.ஐ.ஆர். முன்பு 304-ஏ என்று சொல்லப்பட்ட பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) ஆகிவிட்டது. கவனக்குறைவால் உயிர் போனால் முன்பு அதிகபட்சம் 2 வருஷம் ஜெயில். இப்போது 5 வருஷம்.

‘பட்டனை நான் அமுக்கவே இல்லை’ என்று சொல்லவும் வழியில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் விமானத்துக் கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு பதிவு பல கார்களில் உண்டு. மோதுவதற்கு முந்தைய சில விநாடிகளில் என்ன வேகம், பிரேக்கில் கால் இருந்ததா, ஆக்சிலேட்டர் எவ்வளவு என்பது அதில் இருக்கும். சில கார்களில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ‘ஆன்’ஆ ‘ஆஃப்’ஆ என்பதும் சேர்ந்து பதிவாகும்.

புனேயில் 2024 மே 19-ந்தேதி நடந்ததை டிரைவர்கள் மறக்கக்கூடாது. 17 வயது பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இளம் இன்ஜினீயர்கள் 2 பேர் பலியானார்கள். அந்த வழக்கில் பேசப்பட்டது வேகமும் மதுவும்தான், பட்டன் இல்லை. ஆனால் அதற்கப்புறம் வெளிவந்த புகார்தான் நாட்டையே அதிர வைத்தது. வீட்டு டிரைவரை அடைத்து வைத்து, ‘நான்தான் ஓட்டினேன்’ என்று பழியை ஏற்கச் சொல்லி மிரட்டியதாக, பையனின் தாத்தாவையே போலீஸ் கைது செய்தது. எல்லா முதலாளியும் அப்படி இல்லை. செட்டிநாட்டில் டிரைவர் வீட்டுக் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திவைக்கும் ஆச்சிகளும் இருக்கிறார்கள். ஆனாலும் லைசென்ஸில் இருப்பது டிரைவர் போட்டோ.

சாவி கைக்கு வந்ததும்...

இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நெளிகோட்டு கார் படம் எல்லா விளக்கோடும் சேர்ந்து ஒரு தடவை எரிந்து அணைந்தால் எல்லாம் சரி. ‘ஆஃப்’ என்ற எழுத்தோடு எரிந்துகொண்டே இருந்தால், யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுத்து இல்லாமல் படம் மட்டும் அணையாமல் எரிந்தால் பழுது. ஓடும்போது பட் பட்டென்று மின்னினால் பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் வேகம் அதிகம் என்பதையும் அதுவே சொல்கிறது.

இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் இப்போதைய கார்களில் கண்ட்ரோல் தானாக ‘ஆன்’ ஆகிவிடும். பக்கத்து சீட்டுப் பையன் பட்டனைத் தட்டிவிட்டால், ஓரம் கட்டி ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும். சண்டை போட வேண்டியதில்லை. “தம்பி, டீ ஒண்ணு குடிச்சிட்டுப் போவோம்” என்றால் முடிந்தது.

இன்னொன்று டயர். செட்டிநாட்டு வீட்டு ஷெட்டில் கார் மாசக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் நிற்கிறது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிடும். காய்ந்த டயரில் கம்ப்யூட்டருக்குப் பிடிக்கக் கயிறே இருக்காது. பால் வாக்கர் போன காரில் சொல்லப்பட்டதும் பழைய டயர்தான். டயர் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் 4 எண் இருக்கும். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். 0814 என்று இருந்தால் 2014-ம் வருஷம் 8-வது வாரம், அதாவது பிப்ரவரியில் செய்த டயர். மீட்டரில் வண்டி 6 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியதாகக் காட்டினாலும், அந்த டயருக்கு வயது 10-ஐத் தாண்டிவிட்டது.